வாயில் மீன் வைக்காத இலாரியோ

இலாரியோ கடையில் சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் காதில் விழுவது புருஷன் பெண்டாட்டி சண்டைதான். அடுப்படிக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே சுவரில் ஒரு சதுர ஓட்டை இருக்கிறது. அந்தப் பக்கம் இலாரியோ மீன் வெட்டிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் அவர் மனைவி ஃபெலிசிதா தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலைவாள். திடீரென்று ஓட்டை வழியாக ஒரு கரண்டி நீளும். ஃபெலிசிதா நின்ற நிலையிலேயே அதை வாயில் வாங்கி, நாக்கைச் சப்பிப் பார்ப்பாள்.

“உப்பு?”

“பத்தாது.”

“எவ்ளோ?”

“ஒரு சிட்டிகை. எலுமிச்சை ஏன் இப்படி? யாரைப் பழிவாங்க இவ்ளோ பிழிஞ்சீங்க?”

“காயே அப்படி. என் மேல ஏறாதே.”

“காய் என்ன தானா வந்து பிழிஞ்சுக்கிச்சா?”

இது காலையில் கடை திறந்ததிலிருந்து மதியம் மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவும் வரை நடக்கும். மூன்றுக்கு மேல் எங்கள் பைத்தா துறைமுகத்தில் யாரும் பச்சை மீன் தின்பதில்லை, விற்பதும் இல்லை. புதிதாக வருகிறவர்கள், ஐயோ பாவம், இந்தக் குடும்பத்தில் நிம்மதியே இல்லை போலிருக்கிறது என்று கண்ணைக் கீழே போட்டுக்கொள்வார்கள். அதற்குள் தட்டு வந்துவிடும். அடுப்பில் வைக்காமல் எலுமிச்சைச் சாற்றிலேயே ஊறி வெளுத்த களவா மீன் துண்டுகள், மேலே நீளநீளமாக வெங்காயம், மிளகாய், பக்கத்தில் மொச்சைக் கடையல், வாழைக்காய் வறுவல். செவிச்சே என்றால் அதுதான் செவிச்சே. ஒரு வாய் வைத்த பிறகு யாரும் அவர்களுக்காகப் பரிதாபப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் தோமித்திலா. படகுகளுக்கு ஐஸ் விற்கிறவள். விடியலில் ஐஸ் ஏற்றி அனுப்பிவிட்டால் அப்புறம் ஊர் வம்பு அளப்பதைத் தவிர எனக்கு வேலை கிடையாது. மதியச் சாப்பாடு இலாரியோ கடையில். ஓட்டைக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. தெரியாமல் யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் தெரிய வைப்பேன்.

அந்தக் கரண்டி ஏன் ஓட்டை வழியாக வருகிறது என்பதை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலாரியோ மீன் சாப்பிட மாட்டார். நண்டு, கணவாய், இறால், கடலில் பிறந்த எதையும் வாயில் வைக்க மாட்டார். சமைப்பதெல்லாம் அவர், ருசி பார்ப்பதெல்லாம் அவள். அவர் தனக்கென்று சட்டியில் ஒரு முட்டை பொரித்து, சோற்றில் போட்டு, அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். ஊரெல்லாம் வரிசையில் நின்று சாப்பிடுகிற கடையில், கடைக்காரர் ஒருநாள்கூட நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

இளவயதில் அவரும் படகுக்காரர்தான். ஒருமுறை அவரும் அவர் சித்தப்பாவும் போன படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. படகுக்குள் துள்ளி விழுந்த மீனைப் பச்சையாகவே தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள். எலுமிச்சை இல்லை, உப்பு இல்லை. சித்தப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது இலாரியோ மெர்செதெஸ் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்தார். ‘கரை சேர்த்துவிடு தாயே, இனி உன் கடலிலிருந்து ஒன்றையும் என் வாயில் போடமாட்டேன்.’ அடுத்த நாளே ஒரு சூரை மீன் கப்பல் கண்ணில் பட்டு இழுத்து வந்துவிட்டது. சித்தப்பா இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், இலாரியோ கடையிலேயே இரண்டு தட்டு தின்கிறார்.

நேர்ச்சை வைக்கிறவன் ஆபத்தில் யோசித்தா வைக்கிறான்? ஒருத்தன் மெழுகுவர்த்தி ஏற்றுவான், ஒருத்தன் குடியை விடுவான். எங்கள் ஆள் மீன் பிடிக்கிற ஊரில் பிறந்து, மீன் வெட்டுவதைத் தவிர ஒரு தொழிலும் தெரியாமல், மீனை விட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? உப்பும் கடலிலிருந்துதானே வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, மனிதர் ஒரு வாரம் உப்பில்லாமல் தின்றுவிட்டுப் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார். உப்புக்கு உயிர் கிடையாது, போய்ச் சாப்பிடு என்று அவர் சொன்ன பிறகுதான் முகத்தில் தெளிவு வந்தது.

கடை போட்ட புதிதில் உப்பு ஒருநாள் கரிக்கும், ஒருநாள் சப்பென்று இருக்கும். எல்லாரும் பேசாமல் தின்றுவிட்டுப் போனார்கள். மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலைக்கு வந்த ஒரு பெண் மட்டும் தட்டோடு எழுந்து ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, “இதை நீங்களே ஒரு வாய் தின்னு பாத்தீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றார் இலாரியோ. ஏன் என்றாள். சொன்னார். அவள் சிரிக்கவில்லை. “சரி, கரண்டியைக் குடுங்க,” என்றாள். மறுநாளும் வந்தாள். ஃபெலிசிதா இந்தக் கடைக்குள் வந்த கதை அவ்வளவுதான்.

ஆனால் இதெல்லாம் உள்ளூர்ச் சங்கதி. வெளியூர்க்காரர்கள் காதில் விழக்கூடாது என்பதில் ஃபெலிசிதா கறாராக இருப்பாள். அதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை தலைநகர் லிமாவிலிருந்து வந்த ஒரு கூட்டம், கடைக்காரர் தன் மீனைத் தானே தின்ன மாட்டார் என்று கேள்விப்பட்டதும் வாயில் இருந்ததைக்கூடத் துப்பிவிட்டு எழுந்து போனது. மீன் கெட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், சுலேமா. மலையிலிருந்து துறைமுகத்துக்குக் காப்பிக்கொட்டை லாரி ஓட்டி வருகிற வில்மர் என்ற பையன், கப்பலுக்கு மூட்டை இறங்கும் வரை இலாரியோ கடையில் உட்கார்ந்து சாப்பிடுவான். மூட்டை இறங்கிய பிறகும் உட்கார்ந்திருப்பான். இரண்டாவது மாதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஃபெலிசிதாவுக்கு முதல் வாரத்திலேயே புரிந்திருந்தது. இலாரியோவுக்கு மட்டும் பெண் நேரில் வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது.

பையனின் அப்பா ஹசிந்தோ மலையை விட்டு இறங்குகிறவர் இல்லை. தாய் இல்லாத பிள்ளை, அப்பா வந்து பெண் கேட்டால்தான் கல்யாணம். வரவழைப்பதற்காக வில்மர் அங்கே என்ன சொன்னானோ, இங்கே சொன்னது எனக்குத் தெரியும். “எங்கப்பாவுக்கு செவிச்சேன்னா உசுரு அத்தை. கனவுலகூட அதைத்தான் திம்பாரு.” ஃபெலிசிதாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். புதுத் தொப்பி, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. கொண்டுவந்த மூட்டையில் உப்புக்கண்டம், வெல்லம், வைக்கோல் சுற்றிய கூடையில் நாட்டுக்கோழி முட்டை. மனிதர் நல்ல உயரம். கடலைப் பார்த்து ஒரு தடவை மூக்கைச் சுளித்துவிட்டு உள்ளே வந்தார். ஃபெலிசிதா அவருக்கு நடு மேஜையைப் போட்டிருந்தாள். போகிற போக்கில் என் காதில் குனிந்தாள்.

“தோமி அக்கா, இன்னைக்கு ஒருநாள் அந்த வாயைத் தெறக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நான் எப்போடி தெறந்தேன்?” என்றேன். பக்கத்து மேஜையில் இருந்தவன் சிரித்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சுரைக்குடுவையில் சிச்சா வந்தது, சோளத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிற கள். ஊற்றுகிறவர் முதலில் குடித்துவிட்டு விருந்தாளிக்குக் கொடுப்பது எங்கள் பக்கமும் வழக்கம், மலையிலும் வழக்கம். இலாரியோ ஏப்ரனோடு மேஜைப் பக்கத்தில் நின்றபடி ஒரு மடக்கு இழுத்துவிட்டு நீட்டினார். ஹசிந்தோ வாங்கிக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார். இருவருக்கும் முகம் மலர்ந்தது. சுலேமா வில்மரைப் பார்த்தாள். எனக்கே மனசு நிறைந்தது.

அப்புறம் செவிச்சே வந்தது. இலாரியோ தன் வாழ்நாளில் வெட்டியதிலேயே அழகான தட்டு அது. பாதிக் கடை எழுந்து எட்டிப் பார்த்தது. ஹசிந்தோ தட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“வீட்டுக்காரர் மொதல்ல ஒரு வாய் எடுக்கட்டுங்க.”

“நீங்க சாப்பிடுங்க சம்பந்தி,” என்றார் இலாரியோ.

“அது முறையில்லீங்க. எங்க மலையில சமைச்சவரு தின்னப்பறந்தான் விருந்தாளி கை வெப்பான்.”

ஃபெலிசிதா பாய்ந்து வந்தாள். “நான் எடுக்கறேனே. தினமும் நான்தானே ருசி பாக்கறது!”

“நீங்க இருங்கம்மா. பொண்ணோட அப்பா எடுக்கட்டும்.”

இலாரியோவுக்கு வியர்த்தது. ஒரு நல்ல பொய்யை யோசித்து வைத்திருக்கக் கூடாதா இந்த மனிதர்? கூடம் முழுக்க ஜனம் மீன் தின்றுகொண்டிருக்கும்போது சொன்னார்:

“எனக்கு... வயிறு கொஞ்சம் சரியில்ல.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மீன்கடைக்காரன் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தையா அது!

“வயிறு எதனால கெட்டுதுங்க?” என்று கேட்டார் ஹசிந்தோ, தட்டை விரலால் தள்ளிக்கொண்டே.

“அப்பா!” என்றான் வில்மர்.

“நீ சும்மா இர்றா. தன் வாய்க்கு ஆகாததை அடுத்தவனுக்கு வெக்கற வீட்டுல நான் பொண்ணெடுக்க மாட்டேனுங்க.” நாற்காலி கிறீச்சிட எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. சுலேமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போது இலாரியோ மேஜையிலிருந்த கரண்டியை எடுத்தார். ஒரு மீன் துண்டை அள்ளினார். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். உதடு எதையோ முணுமுணுத்தது. மன்னிப்புத்தான் கேட்டிருப்பார். கரண்டி மேலே போனது.

சுலேமா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அப்பா, வேணாம்.”

“கையை விடு.”

“விடமாட்டேன். இந்தக் கல்யாணம் நடக்காட்டி போவுது.”

“விடுடீங்கறேன். ஒரு வாய்தானே? மாதாகிட்ட நான் பேசிக்கறேன்.”

“பேசவும் வேணாம், தின்னவும் வேணாம்!”

அப்பாவும் மகளும் ஒரு கரண்டிக்கு மல்லுக்கு நின்றதில் மீன் துண்டு தரையில் விழுந்தது. மேஜைக்கடியில் இருந்த பூனை அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. அந்தப் பூனைக்குத்தான் அன்றைக்கு அந்த அழகான தட்டில் முதல் வாய் கிடைத்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஃபெலிசிதா என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆட்டட்டும். நான் எழுந்தேன்.

“யோவ் மலைக்காரரே! மீனுக்கு ஒரு கேடும் இல்ல. காலையில நான் போட்ட ஐஸ்ல இருந்து எடுத்த மீனு, தெரியுமா? இந்த மனுஷன் கடல்ல சாகக் கெடந்தப்ப மாதாவுக்கு நேர்ச்சை வெச்சுட்டாரு, மீன் திங்கறதில்லைன்னு. கல்யாணம் ஆறதுக்கு முன்னாடியே வெச்சது. ஊருக்கே ஆக்கிப் போடறவரு, இன்னைக்கு வரைக்கும் ஒரு செதில்கூட நாக்குல பட்டதில்ல. இப்ப உங்களுக்காக அதையும் முறிக்கப் பாத்தாரு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

“ஆமா, நான்தான் அந்தச் சித்தப்பா,” என்று மூலை மேஜையிலிருந்து வாய் நிறைய மீனோடு ஒரு குரல் வந்தது.

ஹசிந்தோ மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் பையனுக்காகவா நேர்ச்சையை முறிக்கப் பாத்தீங்க?”

“உங்க பையனுக்கா?” இலாரியோவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எம் பொண்ணுக்கு!”

ஹசிந்தோவின் காது இரண்டும் சிவந்துபோயின. தொண்டையைச் செருமினார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

“இனி மறைச்சா பாவமுங்க. எனக்கு... பச்சை மீனுன்னா பயம்.”

“என்னது?” என்றாள் ஃபெலிசிதா.

“பயமுங்க. வேகாததை நான் தின்னதேயில்ல. இவன் பாதி வழியில லாரியை நிறுத்திட்டு, ‘அப்பா, மீனை வேகவெக்க மாட்டாங்க, நீங்க ஆசையாத் திங்கணும், சொல்லி வெச்சுட்டேன்’னான். அப்பவே எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஆயிப்போச்சு. மொதல் வாய் முறையெல்லாம் எங்க பக்கம் சிச்சாவுக்குத்தானுங்க, சோத்துக்குக் கெடையாது. அவரு தின்னு முடிக்கறதுக்குள்ள ஏதாச்சும் வழி தோணாதான்னு சொல்லிட்டேன். அவரு மாட்டேன்னதும் சாமியே கண்ணைத் தெறந்துட்டாருன்னு சந்தோசப்பட்டேன். சந்தோசத்துல கோவம் கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிருச்சுங்க.”

முதலில் சிரித்தது இலாரியோ. மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். கடையே சேர்ந்துகொண்டது. ஃபெலிசிதா மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வில்மரின் முதுகில் ரெண்டு போட்டாள். “கனவுலகூட தின்னாரா? கனவுலகூட?”

“அத்தை, நல்லதுக்குத்தான்...”

“இன்னும் ரெண்டு போடுங்கம்மா,” என்றார் ஹசிந்தோ. “என் பங்குக்கு.”

பிறகு ஃபெலிசிதா அவர் கொண்டுவந்த முட்டைக் கூடையையும் உப்புக்கண்டத்தையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இலாரியோ பழக்கத்தில் பின்னாலேயே போகப் பார்த்தார். அவள் திரும்பி, “நீங்க எங்க வரீங்க? அங்க உக்காருங்க,” என்றாள். அவர் நாற்காலியைப் பார்த்தார். தன் கடை நாற்காலியைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி தயங்கி, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நுனியில் உட்கார்ந்தார்.

இரண்டு தட்டு வந்தது. சோறு, மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் வறுத்த உப்புக்கண்டம். அந்த அழகான செவிச்சேயை வில்மரும் சுலேமாவும் ஒரே தட்டில் தின்றுகொண்டிருந்தார்கள். ஹசிந்தோ கையை மடியில் வைத்தபடி காத்திருந்தார்.

“என்ன சம்பந்தி, சோத்துக்கு முறை கெடையாதுன்னீங்க?”

“இன்னைக்கு இருக்கட்டுங்க. நீங்க மொதல்ல.”

இலாரியோ முட்டையை உடைத்துச் சோற்றோடு பிசைந்து முதல் வாய் எடுத்தார். அப்போது சுவர் ஓட்டையில் ஃபெலிசிதாவின் முகம் தெரிந்தது. நெற்றியில் மயிர் ஒட்டியிருந்தது, கையில் கரண்டி. அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்:

“உப்பு?”

அவர் மென்றார். அவசரமே இல்லாமல் மென்றார். இத்தனை வருஷம் அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன். என் தட்டில் வெங்காயம் நிறையத்தான் இருந்தது.

“பத்தாது,” என்றார் இலாரியோ.

ஹசிந்தோ அவசரமாக ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, “சரியாத்தானுங்க இருக்கு,” என்றார்.

“நீங்க பேசாம சாப்பிடுங்க சம்பந்தி. நான் இதைச் சொல்றதுக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து காத்திட்டிருக்கேன்.” அவர் ஓட்டைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “ஃபெலிசிதா! பத்தாதுன்னேன். ஒரு சிட்டிகை!”